சின்னக் குண்டும் டெக்ஸாஸ் மானும்

.223 ரெமிங்டன் தோட்டாவை வைத்து மான் வேட்டையாடலாமா என்று டெக்ஸாஸில் எந்தத் துப்பாக்கிக் கடையில் கேட்டாலும் அன்றைய வியாபாரம் கொஞ்ச நேரம் நின்றுவிடும். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர், "எங்கள் வீட்டில் எல்லாருக்கும் முதல் மான் அதில்தான் விழுந்தது" என்பார். அந்தப் பக்கம் நிற்பவர், "அது கொயோட்டி நரி சுடுகிற சாமான்" என்பார். அப்புறம் அரை மணி நேரம் இருவரும் காலிபரைப் பற்றியே, அதாவது அங்குலக் கணக்கில் குண்டின் விட்டத்தைப் பற்றியே பேசுவார்கள். குழலிலிருந்து வெளியே போகப்போகிற குண்டைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சின்னக் காலிபரில் பாதிக்கு மேல் குண்டுதான் பேசும் என்பது என் கட்சி. அந்தக் கட்சிக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

ஆஸ்டினுக்கு மேற்கே லானோ பக்கம் ஒரு பண்ணையில் நானும் நண்பர்கள் சிலரும் வேட்டை உரிமை எடுத்திருக்கிறோம். டெக்ஸாஸ் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்குக் குறையாமல் தனியார் கையில் இருப்பதால், பண்ணைக்காரரிடம் பணம் கட்டி லீஸ் எடுப்பதுதான் இங்கே வழக்கம். லானோ கவுண்டி தன்னை 'டெக்ஸாஸின் மான் தலைநகரம்' என்று சொல்லிக்கொள்ளும். பொழுது சாயும் நேரத்தில் அந்த ரோட்டில் கார் ஓட்டியவர்கள் அதை மறுக்க மாட்டார்கள்.

ஊரிலிருந்து படிப்பவர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மானைச் சுடுவது குற்றம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். இங்கே கதை வேறு. ஓநாய் ஒழிந்துபோன இந்தக் குன்றுப் பகுதியில் வெள்ளைவால் மான் பெருகிக்கொண்டே போகிறது. புல்லும் தழையும் போதாமல் மெலிந்து நிற்கும். கவுண்டிவாரியாக எத்தனை சுடலாம், எந்தத் தேதியிலிருந்து சுடலாம் என்று மாநிலத் துறை வரையறுத்து, லைசென்ஸோடு, சுட்ட மானில் கட்டுவதற்கான டேக் கொடுக்கிறது. நவம்பர் முதல் சனிக்கிழமை சீசன் திறக்கும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். பண்ணையில் நம்மூர்ப் புள்ளிமானும் உண்டு. 1930களில் இங்கே கொண்டுவந்து விட்டதன் வம்சம். கிண்டியில் வேலிக்கு வெளியே நின்று பார்த்த அதே மானை இங்கே மரத்தடியில் பார்க்கும்போது முதல் தடவை எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்ஸாஸில் ரிம்ஃபயர் தோட்டாவால், அதாவது அடி விளிம்பில் தட்டி வெடிக்கிற சின்ன வகையால், வெள்ளைவால் மானைச் சுடக் கூடாது. அடியின் நடுவில் தட்டி வெடிக்கிற சென்டர்ஃபயர் என்றால் காலிபருக்குக் கீழ்வரம்பு இல்லை. வர்ஜீனியாவில் .23க்குக் குறைந்த காலிபர் மானுக்கு ஆகாது. கொலராடோவில் .24. இங்கிலாந்திலும் பெரிய மான்களுக்கு .240தான் கீழ்வரம்பு, மன்ட்ஜாக் போன்ற குட்டி மான்களுக்கு மட்டும் .22 வகைக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை இடங்களில் கோடு .224க்கும் .243க்கும் நடுவில் விழுவதைப் பார்த்தால், சட்டம் எழுதியவர்கள் எதைக் கண்டு பயந்தார்கள் என்று ஊகிக்கலாம். அவர்கள் காலத்தில் .22 வகைக் குண்டு என்றாலே தரை அணிலையும் கொயோட்டியையும் மனதில் வைத்துச் செய்த, பட்டதும் சிதறிவிடுகிற மெல்லிய உறைக் குண்டுதான். அந்தப் பயம் நியாயமானது.

.223இன் பூர்வீகமும் அதுதான். 1950இல் வந்த .222 ரெமிங்டன் தரை அணில் சுடுபவர்களுக்கும் காகிதத்தில் துளை போடுபவர்களுக்கும் செல்லப்பிள்ளை. அதை நீட்டி ராணுவத்துக்காகச் செய்ததிலிருந்து 1964இல் .223 கடைக்கு வந்தது. குண்டின் விட்டம் 0.224 அங்குலம். எடை வழக்கமாக 55 கிரெய்ன், அதாவது மூன்றரை கிராம் சொச்சம். வினாடிக்கு 3,240 அடி வேகம் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். உதை கிடையாது, தோட்டா மலிவு, ஆகவே நிறையப் பழகலாம். விசையை அழுத்தும்போது கண்ணை மூடாமல் பழகிய பையன் .223இல் சுடுவது, உதைக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு .300 மேக்னம் என்ற பெரிய தோட்டாவில் சுடுவதைவிட எவ்வளவோ மேல். இங்கே மானும் சின்னது. குடல் எடுத்த பிறகு ஆண்மான் 100 பவுண்டைத் தாண்டினால் பண்ணைக்காரர் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவார்.

என் துப்பாக்கி சாதாரண போல்ட் ஆக்‌ஷன், குழலின் முறுக்கு, அதாவது குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் வெட்டிய சுரிவரிகளின் சுற்று, 8 அங்குலத்துக்கு ஒன்று. நான்கு வகைக் குண்டுகளை எடுத்துக்கொண்டேன். ஒன்று, பிளாஸ்டிக் முனை வைத்த 55 கிரெய்ன் வர்மின்ட் குண்டு, அணில், கொயோட்டி மாதிரிச் சின்ன விலங்குகளுக்கானது. இரண்டு, 77 கிரெய்ன் மேட்ச் குண்டு, போட்டிக்காரர்கள் விரும்புவது. மூன்று, உள்ளே குறுக்குச் சுவர் வைத்த 60 கிரெய்ன் பார்ட்டிஷன். நான்கு, ஈயமே இல்லாத 62 கிரெய்ன் முழுச் செம்புக் குண்டு. தோட்டாவை நானே நிரப்புகிறேன். வெடிமருந்து அளவைப் பதிவில் போட மாட்டேன், கேட்காதீர்கள். கையேட்டைப் பார்த்துக் கீழ்அளவிலிருந்து மெல்ல ஏறிக்கொள்வதுதான் ஒவ்வொருவரும் தன் துப்பாக்கிக்குச் செய்ய வேண்டியது.

முதலில் காகிதம், அதாவது ரேஞ்சில் 100 யார்டில் மாட்டிய இலக்கு. இங்கே ஒரு பெரிய ஏமாற்று நடக்கிறது, யாரும் யாரையும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை என்றாலும். மூன்று குண்டு சுட்டு, மூன்றும் முக்கால் அங்குலத்துக்குள் விழுந்தால், அந்தக் காகிதத்தை மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டுவார்கள். அதே துப்பாக்கி, அதே தோட்டா, அடுத்த மூன்று ஒன்றரை அங்குலம் போகும். அதற்குக் காற்று மீதும் காபி மீதும் பழி போட்டுவிட்டு, காகிதத்தைக் குப்பையில் எறிவார்கள். மூன்று துளையில் தெரிவது பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான். குண்டுகள் சிதறும் விதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், மூன்று குண்டு குரூப்பின், அதாவது துளைகள் பரவியிருக்கும் அகலத்தின், சராசரி ஓர் அங்குலம் என்றால் ஐந்து குண்டுக்கு அது 1.3 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். பத்து குண்டுக்கு 1.6. துப்பாக்கி கெட்டுப்போகவில்லை. உள்ளதை இப்போதுதான் முழுதாகச் சொல்லியிருக்கிறது.

அதனால் நான் ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்தாகச் சுட்டேன். அதுவும் ஒரே மூச்சில் இல்லை. சின்னக் குழல் சீக்கிரம் சூடேறும், சூடேறினால் சில குழல்கள் குறி மாறும். ஐந்து சுட்டு, ஆறவிட்டு, மறுபடி ஐந்து. குண்டு வகையை மாற்றும்போது உடனே அளக்கக் கூடாது. முந்தைய குண்டின் செம்புப் பூச்சு குழலில் ஒட்டியிருக்கும், முதல் சிலது கண்டபடி போகும். நன்றாகத் துடைத்து, புது வகையில் சிலவற்றைச் சும்மா மண்மேட்டில் சுட்டுவிட்டுத்தான் காகிதத்துக்குப் போக வேண்டும். இதற்கெல்லாம் பொறுமை வேண்டும், தோட்டாவும் வேண்டும். ஒரு பெட்டி வாங்கி 'டெஸ்ட்' முடித்துவிடுகிறவர்கள் கொஞ்சம் பெரிய மனதோடு தங்கள் முடிவைச் சந்தேகிக்கலாம்.

வேகமானி வைத்து அளந்த எண்களை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் அதில் மூழ்கிப்போகத் தேவையில்லை. ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் வினாடிக்கு 30, 40 அடி வித்தியாசம் இருப்பது 100 யார்டில் கண்ணுக்கே தெரியாது. காற்று தெரியும். பக்கவாட்டில் மணிக்குப் பத்து மைல் அடித்தால் 55 கிரெய்ன் குண்டை 100 யார்டுக்குள்ளேயே ஓர் அங்குலம் தள்ளிவிடும். நவம்பரில் வடக்கேயிருந்து குளிர்காற்று இறங்கும் நாட்களில் ரேஞ்சில் கட்டியிருக்கும் ரிப்பன்களைப் பார்த்துவிட்டு நான் திரும்பி வந்திருக்கிறேன்.

முடிவு எதிர்பார்த்தபடியே. 77 கிரெய்ன் மேட்ச் குண்டு முதலிடம், பத்தும் ஓர் அங்குலத்தை ஒட்டி. வர்மின்ட் குண்டு அதற்குப் பக்கத்தில். செம்புக் குண்டு ஒன்றே கால். பார்ட்டிஷன் ஒன்றேமுக்கால், என் குழலுக்கு ஏனோ அது ஒத்துவரவில்லை. காகிதத்தை மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால் நான் மேட்ச் குண்டோடு காட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

ஆனால் மானின் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் எவ்வளவு பெரியது? சுமாராக எட்டு அங்குல வட்டம். நான் 150 யார்டுக்கு மேல் இந்தத் துப்பாக்கியால் சுடுவதில்லை. அந்தத் தூரத்தில் என் மோசமான குண்டுகூட மூன்று அங்குலத்துக்குள் நிற்கும். ஓர் அங்குலத்துக்கும் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கும் உள்ள வித்தியாசம் மானுக்குத் தெரியாது. விடியற்காலைக் குளிரில் மூச்சு வாங்க, மறைந்திருக்கும் தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்து, மடங்கிய கோட்டின் மேல் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடும்போது நான் சேர்க்கிற பிழை இதைவிடப் பெரிது. காகிதம் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது: குண்டு போகச் சொன்ன இடத்துக்குப் போகுமா? போன பிறகு என்ன செய்யும் என்பது அதற்குத் தெரியாது.

காகிதத்தில் நான் மதிக்கிற இன்னொரு சோதனை ஒன்று உண்டு. ஒரே இலக்கை மாட்டிவிட்டு, ரேஞ்சுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஆறிய குழலிலிருந்து முதல் குண்டை மட்டும் அதில் சுடுவது. அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்தி அடுத்த தடவையும் அதையே மாட்டுவது. சீசன் திறக்கும்போது அதில் இருக்கும் துளைகள்தான் மானுக்குப் போகப்போகிற குண்டின் உண்மையான குரூப். மான் மேல் ஐந்தாவது குண்டை யாரும் சுடுவதில்லை.

காகிதம் நாசூக்காகச் சொல்கிற இன்னொரு விஷயம் முறுக்கு. பண்ணைக்காரரிடம் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கிய பழைய .223 ஒன்று இருக்கிறது. என் செம்புத் தோட்டாக்களில் கொஞ்சம் அதில் சுட்டுப் பார்க்கலாம் என்றார். 50 யார்டில் காகிதத்தைக் கிட்டே போய்ப் பார்த்தோம். துளைகள் வட்டமாக இல்லை. ஒன்று முட்டை வடிவில். ஒன்றில் காகிதம் பக்கவாட்டில் கிழிந்து, சாம்பல் வளையம் ஒரு புறம் நீண்டு, குண்டு சாய்ந்தே போயிருப்பதை அச்சடித்த மாதிரி காட்டியது. சாவித்துவாரம் என்பார்கள் இங்கே. அதே துப்பாக்கியில் 55 கிரெய்ன் ஈயக் குண்டு போட்டால் துளைகள் பஞ்ச் வைத்துக் குத்தியது போலச் சுத்தமாக வட்டம்.

காரணம் எடையில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் 1879இலேயே இதற்கு ஒரு சூத்திரம் போட்டுக் கொடுத்தார். குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 150ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் தேவையான முறுக்கு வரும். வேகமான குண்டுக்கு 150க்குப் பதில் 180 போடுவார்கள். முக்கால் அங்குலம் நீளமுள்ள 55 கிரெய்ன் குண்டுக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட 12 வரும். பழைய துப்பாக்கிகள் ஏன் அப்படி முறுக்கப்பட்டன என்பது புரிந்துவிடும். ஈயத்தைவிடச் செம்பு லேசு, அடர்த்தி 11.3க்கு 9 என்ற கணக்கு. அதே எடைக்குச் செம்புக் குண்டு நீண்டுதான் ஆக வேண்டும். நீண்டால் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். என் 8 அங்குல முறுக்கில் வினாடிக்கு 3,000 அடி வேகத்தில் போகும் குண்டு வினாடிக்கு 4,500 தடவை சுழல்கிறது. நிமிடக் கணக்கில் 2,70,000. கடைக்காரர் இதைக் கேட்காமலே செம்புத் தோட்டாவை எடுத்து வைத்தால், குழல் மேல் பொறித்திருக்கும் எண்ணை நீங்களே பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது தண்ணீர். ஆராய்ச்சிக்காரர்கள் சதைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டிகள் செய்து சுடுவார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ ராணுவ ஆய்வகத்தில் மார்ட்டின் ஃபாக்லர் என்ற அறுவை மருத்துவர் 1980களில் பத்து சதவீத ஜெலட்டினை நான்கு டிகிரி குளிரில் வைத்துச் சுடும் முறையை ஒழுங்குபடுத்தினார். ஜெலட்டின் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஏர்கன் ரவையை முதலில் சுட்டு அளப்பார்கள். வீட்டில் அத்தனை ஜெலட்டினைக் காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்தால் மனைவி என்னையும் கூடச் சேர்த்து வெளியே வைத்துவிடுவாள். ஆகவே நான் காலியான ஒரு கேலன் பால் குடுவைகளில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்துச் சுட்டேன். தண்ணீரில் போகிற தூரம் மானுக்குள் போகிற தூரம் ஆகாது. ஆனால் ஒரு குண்டை இன்னொன்றோடு ஒப்பிட அது போதும். முதல் குடுவைக்கு முன்னால் போன வருட மானின் தோள்பட்டை எலும்பைக் கயிற்றில் தொங்கவிட்டேன். சாய்ந்து நிற்கும் மானைச் சுடும்போது குண்டு முதலில் பார்ப்பது அதைத்தான்.

வர்மின்ட் குண்டு பார்க்க அழகு. முதல் குடுவை மூடியோடு ஆகாயத்துக்குப் போனது. இரண்டாவது குடுவையில் ஒரு பக்கம் சின்னச் சின்ன ஓட்டை, அடியில் மினுமினுக்கிற தூள். குண்டு என்று எடுத்துக் காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. எலும்பு வைத்துச் சுட்டபோது இரண்டாவது குடுவையையே அது தொடவில்லை. கொயோட்டிக்கு இதுதான் சரி, அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். மானின் தோளில் பட்டால் ஆழமில்லாத பெரிய காயம் ஒன்றை உண்டாக்கிவிட்டு அங்கேயே முடிந்துவிடும். மான் அதோடு ஓடி, நாள் கணக்கில் அவதிப்பட்டுச் சாகும். .223இல் மானைச் சுடக் கூடாது என்பவர்கள் மனதில் இருப்பது இந்தக் காட்சிதான்.

மேட்ச் குண்டு முதல் குடுவையைத் தாண்டி, இரண்டாவதில் உடைந்து, மூன்றாவதில் துண்டு துண்டாகக் கிடந்தது. இதற்கென்று ஒரு பெரிய ரசிகர் கூட்டம் இப்போது உண்டு. நுரையீரலில் உடைந்தால் அழிவு பயங்கரம், மான் நின்ற இடத்திலேயே விழும் என்பார்கள். விழுகிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் முனையில் இருக்கும் நுண்ணிய துளை பறக்கும் சீருக்காக வைத்தது, விரிவதற்காக இல்லை. அதனால் ஒரு தடவை உடனே உடைகிறது, ஒரு தடவை உடையாமல் நான்கு அங்குலம் போய் உருள்கிறது. என் குடுவை வரிசையிலேயே இரண்டையும் பார்த்துவிட்டேன். மேட்ச் குண்டுகளை வேட்டைக்குப் பரிந்துரைக்கவில்லை என்று செய்கிறவர்களே எழுதி வைத்திருப்பதும் உண்டு.

பார்ட்டிஷனுக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. 1946இல் ஜான் நாஸ்லர் என்பவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்ற மிகப் பெரிய மானை வேட்டையாடப் போனார். கையில் வேகமான .300 மேக்னம். சேறு காய்ந்த தடித்த தோலில் பட்ட குண்டுகள் உள்ளே போகாமல் உடைந்துகொண்டே இருந்தன. திரும்பி வந்து, குண்டின் நடுவில் செம்புச் சுவர் ஒன்றை வைத்தார். முன் அறை ஈயம் விரிந்து சிதறட்டும், பின் அறை ஈயம் சுவருக்குப் பின்னால் பத்திரமாக உள்ளே போகட்டும். 1948இல் விற்பனைக்கு வந்தது. இன்றும் விற்கிறது. என் குடுவைகளில் அது சொன்னபடியே நடந்தது. முன்பாதி இரண்டாவது குடுவையில் கரைந்துபோனது, பின்பாதி நான்காவதில் கிடந்தது. எலும்பு வைத்தாலும் நான்காவதுதான்.

செம்புக் குண்டு ஐந்தாவதில். தண்ணீரைக் கொட்டிக் கையில் எடுத்தேன். முனை நான்கு இதழாகப் பிரிந்து பின்னால் மடிந்திருந்தது, இதழ்களின் விளிம்பு விரலைக் கீறும் அளவுக்குக் கூர்மை. அடிப்பாகத்தில் குழலின் சுரிவரிகள் சாய்வாகப் பதிந்திருந்தன. தராசில் வைத்தால் கிட்டத்தட்ட புறப்பட்ட எடையே. ராண்டி புரூக்ஸ் 1980களில் பார்ன்ஸ் கம்பெனியில் யோசித்தது இது. உறை வேறு, ஈயம் வேறு என்று இருந்தால்தானே பிரியும், ஈயத்தையே எடுத்துவிட்டால்? இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. செம்பு கெட்டி. வேகம் குறைந்தால் இதழ் விரியாது, ஊசி போட்டது போலத் துளைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே தூரத்துக்கு வரம்பு வேண்டும். என் 150 யார்டு அங்கிருந்து வந்ததுதான்.

இனி மான். நெஞ்சுக்கூட்டில் சரியாகப் பட்ட மான்கூட ஐம்பது, நூறு யார்டு ஓடும். எந்தக் காலிபராக இருந்தாலும் சரி. படத்தில் பார்க்கிற மாதிரி பொத்தென்று விழுவது பெரும்பாலும் மூளையிலோ தண்டுவடத்திலோ அடிபட்டால்தான். ஓடுகிற இடம் நம் குன்றுப் பகுதியில் எங்கே? சீடர் என்று இங்கே சொல்கிற ஜூனிபர் புதருக்குள். இடுப்பு உயரத்துக்குக் கிளை, உள்ளே இருட்டு, தரையில் செந்நிறச் சருகு. ரத்தத் துளியும் சருகும் ஒரே நிறம். சின்னக் குண்டு உள்ளே போன துளை பென்சில் தடிமன் மட்டுமே, தோல் நழுவி அதை அடைத்துவிடும். மறுபக்கம் துளை இல்லாவிட்டால் ரத்தம் எல்லாம் நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிடும். மான் செத்துக் கிடக்கும், ஆனால் இருபது அடி தள்ளி நிற்கிற உங்களுக்குத் தெரியாது.

நண்பர் ஒருவர் மேட்ச் குண்டின் ரசிகர். அவர் சுட்ட ஒரு பெண்மான் நின்ற இடத்திலேயே மடிந்தது, அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. அடுத்தது முன்பக்கம் சாய்ந்து நின்ற இளம் ஆண்மான். தோளில் பட்டது. ஓடியது. அவரும் நானும் பண்ணைக்காரரும் டார்ச் அடித்துக்கொண்டு புதர் புதராகத் தேடினோம். முதல் முப்பது யார்டில் கையகலத்துக்கு ரத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை. கடைசியில் பண்ணைக்காரரின் நாய்தான் கண்டுபிடித்தது. தோலுரித்துப் பார்த்தால், குண்டு தோள்பட்டையில் உடைந்து, ஒரே ஒரு துண்டு மட்டும் நுரையீரலின் முன் ஓரத்தைத் தொட்டிருந்தது. அந்த முழுத் தோளும் ரத்தம் கட்டி, ஜவ்வாக, நாய்க்குத்தான் ஆனது. பண்ணைக்காரர் எதுவும் சொல்லவில்லை. கத்தியைத் துடைத்துவிட்டு, "நாய்க்குக் கூலி ஆயிற்று" என்றார், அவ்வளவுதான்.

செம்புக் குண்டில் நான் சுட்ட மான்கள் யாரும் நின்ற இடத்தில் விழவில்லை. எல்லாம் ஓடின. ஆனால் எல்லாவற்றிலும் மறுபக்கம் கட்டைவிரல் நுழைகிற துளை இருந்தது. சீடர் கிளைகளின் இரு பக்கமும் ரத்தம் தெறித்திருக்கும். கிளையில் மானின் நெஞ்சு உயரத்தில் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும், தரையைக் கிளற வேண்டாம். விலா எலும்பு உடைந்த இடத்தில் நுரையீரல் ரவையாகியிருந்தது, கறி வீணானது உள்ளங்கை அளவுக்கும் குறைவு. குழந்தைகளும் சாப்பிடுகிற கறி என்பதால் ஈயத் துகள் இல்லாததும் எனக்குப் பெரிய விஷயம். 2008இல் நார்த் டகோட்டாவில் உணவு வங்கிகளுக்குத் தானமாக வந்த மான் கறியை ஸ்கேன் செய்து பார்த்தபோது ஈயத் துகள்கள் தெரிந்து, அதையெல்லாம் தூக்கி எறியச் சொன்னார்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது, அங்கே காண்டர் கழுகுகளின் சாவில் தொடங்கிய விவகாரம் அது. ஈயக் குண்டில் சுட்டால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள். உடையும் குண்டின் தூள் கண்ணுக்குத் தெரிகிற காயத்தைத் தாண்டியும் போகும்.

ஆக, காகிதத்தில் மூன்றாவது வந்த குண்டுதான் என் மேகசினில் இருக்கிறது. துல்லியம் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்றரை அங்குலத்துக்குள் நின்றுவிட்டால் அதற்கு மேல் கால் அங்குலத்துக்காக அலைவதை நிறுத்திவிட்டு, குண்டு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள் என்கிறேன். .30 காலிபர்காரர்கள் இதில் கொஞ்சம் அசட்டையாக இருக்கலாம், 150 கிரெய்ன் குண்டில் பாதி போனாலும் மீதி 75 இருக்கிறது. நமக்கு மொத்தமே 60.

இரண்டு விதிவிலக்குகள். புள்ளிமானின் பெரிய கிடா இங்கத்திய வெள்ளைவால் ஆண்மானைவிடக் கனம், தோளும் கெட்டி. அதற்கு நான் பெரிய காலிபரான .308 எடுத்துக்கொண்டு போகிறேன். தெற்கு டெக்ஸாஸில் நீலான், அதாவது நில்காய் என்ற பெரிய விலங்கைச் சுடக் கூப்பிட்டால் .223ஐ வண்டியிலிருந்தே இறக்காதீர்கள்.

பண்ணைக்காரரின் பழைய துப்பாக்கி போல 12 அங்குல முறுக்கு வைத்திருப்பவர்கள் செம்புக் குண்டுதான் வேண்டும் என்றால் 55 கிரெய்னுக்குள் குட்டையாக இருப்பதைத் தேட வேண்டும். அல்லது அடி தட்டையான, உறையோடு ஈயத்தைப் பிணைத்த வேட்டைக் குண்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். 50 யார்டிலும் 100 யார்டிலும் துளை வட்டமாக விழுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம். பண்ணைக்காரருக்கு அப்படி ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். காகிதத்தில் வட்டமாகத்தான் விழுந்தது. நவம்பருக்கு முன்னால் குடுவையிலும் சுட்டுப் பார்த்துவிடலாம் என்று இருக்கிறோம், பால் குடுவைகளைத்தான் இரண்டு வீட்டிலும் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.